கிசான் பணம் நின்றுவிட்டதா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

பக்கத்து வயல்காரருக்கு இரண்டாயிரம் ஏறிவிட்டது, நமக்கு மட்டும் வரவில்லை என்றால் பலர் "பேரை வெட்டிட்டாங்க" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறார்கள். அதுதான் முதல் தவறு. மத்திய அரசு விவசாயிகளுக்குப் பணம் தரும் பி.எம். கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் மூன்று தவணைகளாக வருகிறது. அது நின்றால், பல நேரம் ஏதோ ஒரு பதிவு பொருந்தவில்லை என்றுதான் பொருள். திட்டத்தின் இணையதளத்தில் பயனாளி நிலையைத் திறந்தால் நிலப் பதிவு, இ-கேஒய்சி (ஆதார் வழியாக ஆளைச் சரிபார்ப்பது), ஆதார்–வங்கி இணைப்பு என மூன்று வரிகள் இருக்கும். எதில் 'இல்லை' என்று காட்டுகிறதோ, அதைச் சரிசெய்தால் போதும். வங்கியில் முடிய வேண்டிய வேலைக்காக வேளாண்மை விரிவாக்க மையத்தில் நாள் முழுக்கக் காத்திருப்பவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

அதிகம் குழப்புவது அந்த ஆதார்–வங்கி இணைப்புதான். "பாஸ்புக்கோட ஆதார் ஜெராக்ஸ் அப்பவே கொடுத்துட்டேனே" என்பார்கள். கணக்கில் ஆதார் எண்ணைப் பதிவதும், மானியம் பெற அந்தக் கணக்கை ஆதாருடன் இணைப்பதும் வேறு வேறு. இரண்டாவதற்குத் தனியாகச் சம்மதப் படிவம் கொடுக்க வேண்டும். அப்புறம், பணம் போவது கடைசியாக எந்தக் கணக்கு இப்படி இணைக்கப்பட்டதோ அதற்குத்தான். நகைக்கடனுக்காக வேறொரு வங்கியில் கணக்கு தொடங்கி, அங்கே நீட்டிய படிவத்தில் கையெழுத்தும் போட்டிருந்தால், தவணை அங்கே போய்க் கிடக்கலாம். பழைய பாஸ்புக்கை எத்தனை தடவை அச்சடித்தாலும் தெரியாது. ஆதார் இணையதளத்திலேயே எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

இ-கேஒய்சி சுலபம். ஆதாரில் உள்ள கைபேசி எண் மாறிப்போயிருந்தால் பொது சேவை மையத்தில் கைரேகை வைக்கலாம். ரேகை பதியாத பெரியவர்களுக்குத் திட்டத்தின் செயலியில் முகத்தைக் காட்டும் வழியும் உண்டு.

அப்பா இறந்த பிறகும் அவர் கணக்கில் வரும் பணத்தை எடுத்துக்கொண்டிருப்பது பெரிய தவறு. பின்னால் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். 2019 பிப்ரவரி 1-ஆம் தேதிக்குள் நிலம் பெயரில் இருந்திருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு விலக்கு உண்டு. வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பட்டாவை மாற்றி, மகனோ மகளோ புதிதாக விண்ணப்பிக்கலாம். அண்ணன் தம்பி பாகப்பிரிவினையைத் தள்ளிப்போடுவதால் பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே கிடக்கும் குடும்பங்கள்தான் இங்கே அதிகம் சிக்குகின்றன. குத்தகைக்கு உழுபவர்களுக்கு இந்தத் திட்டத்தில் இடமே இல்லை. வெயிலில் நிற்பவரை விட்டுவிட்டுப் பட்டாவுக்குப் பணம் போவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

வருமான வரி கட்டுபவர்கள், மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் வாங்குபவர்கள் விண்ணப்பிக்கவே கூடாது. கடைநிலை ஊழியர்கள் தவிர மற்ற அரசு ஊழியர்களும் அப்படியே. "நான் சேர்த்துவிடறேன், கமிஷன் கொடு" என்று வருபவர்களை நம்பாதீர்கள். 2020-இல் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் இடைத்தரகர்கள் வழியாகத் தகுதியில்லாதவர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல் சேர்க்கப்பட்டது வெளியே வந்தது. சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது, தரகர்கள் கைதானார்கள், பணம் வாங்கியவர்களிடமிருந்து திரும்ப வசூலித்தார்கள்.

இப்போது அதே வேலை வாட்ஸ்அப்பில் நடக்கிறது. 'கிசான் செயலி' என்று யாராவது கோப்பு அனுப்பினால் திறக்காதீர்கள், ஓ.டி.பி.யையும் சொல்லாதீர்கள். கேட்க வேண்டியதை 155261 என்ற உதவி எண்ணில் நேரடியாகக் கேளுங்கள்.