மாசிக் கடைசியில் குல்மார்க்: நெல்லையிலிருந்து பனிச்சறுக்குக்குப் போவது தகுமா, போவதென்றால் எப்படி?

குற்றாலத்துக்குக் கிளம்புகிறவர்கள் 'சீசன் ஆரம்பிச்சாச்சா' என்பதோடு விடுவதில்லை. மெயினருவியில் எப்படி விழுகிறது, ஐந்தருவியில் எத்தனை கிளையில் தண்ணீர், பழைய குற்றாலத்தில் குளிக்க விடுகிறார்களா என்று தென்காசிப் பக்கம் யாரையாவது போனில் பிடித்துக் கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்கள். மார்ச்சில் காஷ்மீரின் குல்மார்க்குக்குப் பனிச்சறுக்குப் பழகப் போக நினைப்பவர்களும் இப்படித்தான் கேட்க வேண்டும்.

'பனி இருக்கா?' என்று மட்டும் கேட்டால் 'இருக்கு' என்றுதான் பதில் வரும். அது பொய்யும் இல்லை. கண்டோலா என்கிற ரோப் காரின் இரண்டாம் கட்டம் போய் நிற்கும் அஃபர்வத் மலைப்பகுதி ஏறக்குறைய 3,950 மீட்டர் உயரம். அங்கே ஏப்ரலிலும் பனி கிடக்கும். ஆனால் முதன்முறை ஸ்கீ (பனிச்சறுக்குப் பலகை) மாட்டுகிறவருக்கு அங்கே வேலையில்லை. அவர் பழகப்போவது 2,650 மீட்டரில், ஹோட்டல்களை ஒட்டிய மைதானச் சரிவுகளில். வெயில் ஏறினால் முதலில் கரைவது அந்தப் பனிதான். ஆகவே கேட்க வேண்டியவை மூன்று: கீழ்ச் சரிவில் எத்தனை அடி கிடக்கிறது, ராத்திரியில் உறைகிறதா, கடைசியாக அங்கே பெய்தது பனியா மழையா.

முதல் தடவை போகிறவருக்கு மாசி பத்து தேதியிலிருந்து பங்குனி முதல் வாரம் வரை, அதாவது பிப்ரவரி 22-லிருந்து மார்ச் 20 வரை போவது தகும், கையில் இரண்டு நாள் உபரியாக இருந்தால். மார்ச் 20-க்குப் பிறகு ஸ்கீ பழகுவதற்கென்றே டிக்கெட் போட வேண்டாம். ஏப்ரலில் போவது ஏற்கெனவே நன்றாக ஸ்கீ தெரிந்து, மேலே ஏறி இறங்கத் துணிந்தவர்களுக்கு மட்டும். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலில் இருந்தாக வேண்டிய குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு வசதியாகவே அமையும்.

அப்படியானால் ஜனவரியே மேல் அல்லவா என்று தோன்றும். காஷ்மீரில் டிசம்பர் 21 முதல் நாற்பது நாளைச் 'சில்லை கலான்' என்பார்கள். அதுதான் கடுங்குளிர்க் காலம், அப்போது விழும் பனிதான் நின்று உறையும். ஆனால் பனியைக் கொண்டுவருவது குளிர் மட்டும் அல்ல, ஈரமும் வேண்டும். அந்த ஈரம் மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து அலையலையாக வரும் மேற்கத்தியக் காற்றுச் சுழற்சிகளால் வருகிறது. வானிலை அறிக்கையில் 'வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ்' என்பது இதைத்தான். அந்த அலைகள் தவறினால் குளிர் இருக்கும், பனி இருக்காது. 2024 ஜனவரியில் குல்மார்க் புல்வெளி வெறுமையாகக் கிடந்தது, பனி வந்தது மாதக் கடைசியில்தான். 2025-ல் பிப்ரவரி கடைசியில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளைப் பனி போதாமல் தள்ளிவைத்து, மார்ச் 9 முதல் 12 வரை நடத்தினார்கள். ஜனவரியும் உறுதி இல்லை, மார்ச்சும் உறுதி இல்லை. மார்ச்சில் பகல் நீளம், குளிர் தாங்கும்படி இருக்கும், கூட்டமும் குறைவு. அதுதான் மார்ச்சுக்குச் சாதகம்.

நம்மூரில் பனி என்றால் மார்கழிப் பனி, ஒரே மாதிரிதான். அங்கே மார்ச் பனி ஒரே நாளில் மூன்று விதமாக மாறும். இதைப் புரிந்துகொண்டவருக்குத்தான் பயணம் உருப்படும். பகல் வெயிலில் மேற்பனி இளகி, ராத்திரி வானம் தெளிவாக இருந்தால் மறுபடி உறைகிறது. பல நாள் இப்படி இளகி உறைந்து, பனி மணிமணியாகத் திரளும். காலை எட்டு மணிக்கு அது சிமெண்ட் தரை மாதிரி. ஸ்கீயின் விளிம்பு பிடிக்காது, விழுந்தால் இடுப்பில் அடி. பத்து மணிவாக்கில் மேலே ஓரிரு அங்குலம் இளகி, ஊறின ஜவ்வரிசி போல உருளும். ஸ்கீ சொன்னபடி கேட்பது அப்போதுதான், விழுந்தாலும் வலிக்காது. ஸ்கீக்காரர்கள் இதைக் 'கார்ன் ஸ்னோ' என்கிறார்கள். பன்னிரண்டரை, ஒரு மணிக்குமேல் அது குழைந்த கஞ்சி. அதில் ஸ்கீ சட்டென்று பிடித்து நின்றுவிடும், உடம்பு மட்டும் முன்னே போகும், முழங்கால் ஜவ்வு திருகும். வசந்தகாலக் காயங்களில் இது முக்கியமானது, பெரும்பாலும் 'இன்னும் ஒரே ஒரு ரவுண்டு' என்று களைத்த காலோடு போகும்போது நேர்வது.

எனவே தினமும் பத்திலிருந்து பன்னிரண்டரை வரை பழகி, கால் களைக்குமுன் நிறுத்துங்கள். சரிவு பார்த்துத் தேர்ந்தெடுப்பதும் முக்கியம். கிழக்கு பார்த்த சரிவு முதலில் இளகும், பிறகு தெற்கு, கடைசியாக மேற்கு. வடக்கு பார்த்தது நாள் முழுக்கக் கெட்டியாகவே இருக்கும். முந்தின ராத்திரி மேகமூட்டமாக இருந்தால் பனி உறைந்திருக்காது, காலையிலேயே குழைவாக இருக்கும். அன்றைக்கு ஒன்பதரைக்கே ஆரம்பித்து, சீக்கிரம் முடித்துவிட வேண்டும். கீழ்ச் சரிவில் மழை பெய்துவிட்டால் அன்று ஸ்கீ வேண்டாம். மழைக்கு அடுத்த நாள் உறைந்தால் மேலே கண்ணாடி மாதிரி பனிக்கட்டி படியும், புதிதாகப் பழகுகிறவர் அதில் இறங்கவே கூடாது.

டிக்கெட்டில்தான் நம் ஊர்க்காரர்களுக்குச் சிக்கல். திருநெல்வேலியிலிருந்து காட்ரா வரை நேரடி ரயில் உண்டு, வாரத்தில் எல்லா நாளும் இல்லை, மூன்று நாள் பயணம். காட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு 2025 ஜூன் முதல் வந்தே பாரத் ஓடுகிறது, மூன்று மணி நேரம்தான். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன் திறக்கிறது. பனி முன்னறிவிப்பை நம்பக்கூடியது ஐந்து நாளுக்குத்தான். ஆகவே ரயில் பிடிக்கிறவர் பார்க்காமலேதான் முடிவெடுக்கிறார். அதைச் சமாளிக்க ஒரு வழி: ரயில் டிக்கெட்டை முதலில் எடுங்கள், குல்மார்க் தங்குமிடத்தை ரத்து செய்யக்கூடிய விதத்தில் மட்டும் பதியுங்கள். விமானத்தில் போகிறவர் தூத்துக்குடி, மதுரை, திருவனந்தபுரம் மூன்றிலும் விலை பார்க்கலாம். பனி பெய்யும் நாளில் ஸ்ரீநகர் விமானங்கள் ரத்தாவது வழக்கம், திரும்பும் நாளுக்கும் ஊரில் வேலைக்கும் நடுவே ஒரு நாள் விடுங்கள். ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க் சுமார் 50 கிலோமீட்டர். கடைசி 13 கிலோமீட்டர் தங்மார்க்கிலிருந்து ஏற்றம், புதுப்பனி விழுந்தால் டயருக்குச் சங்கிலி மாட்டிய வண்டிதான் விடுவார்கள். நம்மூர் ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, கூட வருகிறவர்களில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இருக்க வேண்டும்.

ஐந்து நாள் குல்மார்க்கில் இருந்தால் மூன்று நாளாவது பழகக் கிடைக்கும். நின்று, இறங்கி, கால்களை ஆப்பு மாதிரி வைத்து வேகத்தைக் குறைத்து, இரு பக்கமும் திரும்ப மூன்று நாள் போதும். ஒற்றை நாள் ஸ்கீக்காக இத்தனை தூரம் போவது காசுக்கு நஷ்டம். முதல் நாள் ஓய்வாக இருங்கள், சமவெளிக்காரர்களுக்கு அந்த உயரத்தில் மூச்சு வாங்கும். குல்மார்க்கில் இயங்கும் மத்திய அரசின் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் வகுப்பு கிடைத்தால் அதுதான் சிறந்தது.

வாடகைக்கடையில் அவசரப்பட வேண்டாம், பூட்ஸ் சரியில்லையென்றால் எதுவும் சரிவராது. மாட்டி நிமிர்ந்து நின்றால் கால்விரல் நுனி லேசாக முன்னே தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் விலக வேண்டும். குதிகால் மேலே எழும்பக் கூடாது. குளிருமென்று இரண்டு சாக்ஸ் போடாதீர்கள். இரத்த ஓட்டம் தடைப்பட்டு அதிகம் குளிரும், கொப்புளமும் வரும். முழங்கால்வரை வரும் மெல்லிய ஒற்றை ஜோடி போதும். புதியவருக்கு ஸ்கீயின் உயரம் தாடைவரை இருந்தால் திருப்புவது எளிது. பூட்ஸை ஸ்கீயோடு பூட்டும் பைண்டிங்கை உங்கள் எடையைச் சொல்லி, புதியவர் என்றும் சொல்லி வைக்கச் சொல்லுங்கள். அது இறுக்கமாக இருந்தால் விழும்போது கழலாமல் காலை முறிக்கும். ஈரப்பனியில் ஸ்கீ ஒட்டுவது போல் தெரிந்தால் வெப்ப நாளுக்கான மெழுகு தேய்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஹெல்மெட் இல்லாமல் சரிவில் கால் வைக்க வேண்டாம்.

உள்ளே பருத்தி பனியன் வேண்டாம். வியர்வையைக் குடித்துக்கொண்டு உடம்போடு ஒட்டும், நின்ற மறுநிமிடம் நடுக்கம் வரும். பாலியஸ்டர் அல்லது கம்பளி உள்ளாடை, மேலே ஃப்ளீஸ், அதற்குமேல் நீர் புகாத கோட்டும் பேன்டும். மார்ச்சில் விழுந்தால் நனைவது நிச்சயம், இரண்டு ஜோடி கையுறை வைத்திருங்கள். வெயிலைத்தான் பலரும் சாதாரணமாக எண்ணிக்கொள்கிறார்கள், பாளையங்கோட்டை வெயிலைப் பார்த்தவர்கள் ஆயிற்றே என்று. புதுப்பனி, மேல்விழும் புறஊதாக் கதிரில் 80 சதவீதம்வரை திருப்பி அனுப்பும், வெயில் கீழிருந்தும் அடிக்கும். மூக்கின் அடிப்பக்கம், தாடைக்குக் கீழ், உதடு எல்லாம் வெந்துவிடும். தேங்காய் எண்ணெய் இதைத் தடுக்காது, அந்தக் குளிரில் பாட்டிலிலேயே உறைந்து கிடக்கும். எஸ்பிஎஃப் 50 களிம்பை இரண்டு மணிக்கொரு தரம் பூசுங்கள். புறஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி இல்லாமல் வெளியே வரக் கூடாது, குழந்தைகளும்தான். கண் சிவந்து மணல் விழுந்தாற்போல் உறுத்துவது சாயங்காலம்தான் தெரியும்.

சரிவின் எல்லையைக் காட்டும் அடையாளக் கயிற்றைத் தாண்டிப் போவது பற்றிப் பேச்சே வேண்டாம். 2023 பிப்ரவரி 1 அன்று பனிச்சரிவில் சிக்கிப் போலந்துக்காரர் இருவர் இறந்தார்கள், 2024 பிப்ரவரி 22 அன்று ரஷ்யர் ஒருவர். கண்டோலா ஓடுவதால் அந்தப் பக்கமும் பத்திரம் என்று பொருள் இல்லை. மார்ச்சில் பிற்பகல் வெப்பத்தில் ஈரப்பனிச்சரிவு கூடுதலாக இறங்கும். மெயினருவியில் ஆர்ச்சைத் தாண்டி வெள்ளம் விழும்போது போலீஸ் தடை போட்டால் யாரும் வாதாடுவதில்லை. அங்கேயும் அப்படி இருங்கள்.

பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு மார்ச்சில் பரீட்சை. ஆண்டு விடுமுறைக்குப் போனால் கீழ்ச் சரிவில் புல் தெரியும். அப்போது ஸ்கீயை நம்பாமல், கண்டோலாவில் ஏறிப் பனியைத் தொட்டுவிட்டு வருவது என்று முதலிலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். கண்டோலா டிக்கெட்டை இணையத்தில் முன்கூட்டியே எடுக்க வேண்டும், காற்று பலமாக அடித்தால் இரண்டாம் கட்டம் மூடிவிடும். மார்ச் கடைசி வாரத்தில் ஸ்ரீநகரில் துலிப் தோட்டம் திறந்திருந்தால் உபரி நாளை அங்கே செலவிடலாம்.

கிளம்புவதற்கு ஐந்து நாள் முன்பிருந்து ஸ்ரீநகர் வானிலை மையத்தின் அறிக்கையைப் பாருங்கள். குல்மார்க்கின் இரவு வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே தொடர்ந்து இருந்தால் நல்லது. நான்கைந்து இரவு பூஜ்யத்துக்கு மேலேயே நின்று, கூடவே மழையும் சொல்லியிருந்தால் தங்குமிடத்தை ரத்து செய்யுங்கள். இரண்டுக்கும் நடுவில் இருந்தால், தங்கப்போகும் ஹோட்டலுக்கு காலை ஏழு மணிக்கு ஒன்று, பிற்பகல் இரண்டு மணிக்கு ஒன்று என்று இரண்டு தரம் போன் போட்டு, மைதானத்தை அந்த நேரத்தில் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். பிற்பகல் படத்தில் மண் தெரிகிறதா என்று பாருங்கள்.