ஸ்பானிஷில் வீடு தேடலாம்: ஃபர்னிச்சர் உண்டா, வெறும் வீடா?

மாட்ரிட் தெருக்களில் சில பால்கனிகளில் 'ஸே அல்கீலா' என்று ஒரு அட்டை தொங்கும். வாடகைக்கு என்று பொருள். உள்ளே கட்டில் இருக்கிறதா, வெறும் சுவர்தானா? அதைக் கேட்கும் அளவுக்கு ஸ்பானிஷ் இன்று பார்த்துவிடலாம்.

முதலில் வேர்ச்சொல். கட்டில், மேசை எல்லாம் முவெப்லெ. 'நகரக்கூடியது' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கட்டடமோ இன்முவெப்லெ, நகராதது. நம் பத்திரத்தில் வரும் அசையும் சொத்து, அசையாச் சொத்து அப்படியே இருக்கிறது, பாருங்கள்! இந்த ஜோடி மனதில் நின்றால் மற்றவை தானாக ஒட்டிக்கொள்ளும்.

அடுத்து, அமுவெப்லாதோ: ஃபர்னிச்சரோடு கூடியது. கடைசி எழுத்தை 'அதோ' என்பதில் வரும் 'தோ' போல மென்மையாகச் சொல்லுங்கள், 'டோ' வேண்டாம். சிலியிலும் கொலம்பியாவிலும் அமொப்லாதோ என்பார்கள்.

இந்தச் சொல் பெயர்ச்சொல்லின் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப மாறும். பிஸோ அமுவெப்லாதோ (ஸ்பெயினில் பிஸோ என்றால் ஃபிளாட்), காஸா அமுவெப்லாதா (காஸா என்றால் வீடு), பன்மையில் காஸாஸ் அமுவெப்லாதாஸ். தமிழில் 'நல்ல வீடு, நல்ல வீடுகள்' என்று 'நல்ல' மாறாமலே நிற்பதால் நாம் சறுக்கும் இடம் இது. வாய்விட்டுப் பத்து முறை சொல்லிப் பழகுங்கள்.

வெறும் வீட்டுக்கு ஸின் அமுவெப்லார். இது எதற்கும் மாறாது, நிம்மதி.

சரி, இப்போது சமையலறை. இங்கேதான் நிதானம் வேண்டும். விளம்பரத்தில் கொஸீனா அமுவெப்லாதா என்றிருந்தால் பெரும்பாலும் அலமாரியும் மேடையும்தான். கொஸீனா எகிபாதா என்றால் அடுப்பு, ஃபிரிட்ஜ் போன்ற சாதனங்களும் சேரும். ஸின் அமுவெப்லார் வீட்டில்கூட எகிபாதா சமையலறை இருக்கலாம். அதனால் ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: நெவேரா (ஃபிரிட்ஜ்), ஓர்னோ (ஓவன்), லாவதோரா (வாஷிங் மெஷின்). ஸ்பெயினில் வாஷிங் மெஷின் பெரும்பாலும் சமையலறையிலேயே இருக்கும்.

அப்புறம் கேள்வி:
— எஸ்தா அமுவெப்லாதோ எல் பிஸோ? (ஃபிளாட்டில் ஃபர்னிச்சர் இருக்கிறதா?)
— ஸீ, பெரோ ஸின் லாவதோரா. (ஆமாம், ஆனால் வாஷிங் மெஷின் இல்லை.)

கடைசியாக, இன்வென்த்தாரியோ. வீட்டில் உள்ள பொருள்களின் பட்டியல். ஸ்பெயினின் 1994 வாடகைச் சட்டப்படி குடியிருப்புக்கு ஒரு மாத வாடகை ஃபியான்ஸா, அதாவது முன்பணம், கட்ட வேண்டும். அது முழுதாகத் திரும்ப வர இந்தப் பட்டியல்தான் துணை. நாற்காலி எத்தனை, எதில் கீறல் என்று வரிவரியாகச் சரிபார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.