முதல் கேமிங் கணினிக்குப் பாகங்கள் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதன்முறையாகச் சொந்தமாக ஒரு கேமிங் கணினியை அசெம்பிள் செய்ய முனைபவர்கள் பெரும்பாலும் "எந்த பிராசசர் வாங்கலாம்?" என்ற கேள்வியோடுதான் தொடங்குகிறார்கள். கையில் இருக்கும் பணம் அளவானது என்றால் அந்தத் தொடக்கமே முதல் தவறு. எந்த மானிட்டரில், எந்த விளையாட்டுகளை ஆடப்போகிறோம் என்பது முடிவாகாதவரை வேறு எந்தப் பாகத்தைப் பற்றியும் உருப்படியாக யோசிக்க முடியாது. 1920×1080 திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் பிக்ஸல்கள் உள்ளன. 2560×1440 திரையில் அது 36.9 லட்சமாகிறது, 4கே திரையில் 82.9 லட்சம். ஒவ்வொரு பிரேமிலும், அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படத்திலும், இவ்வளவையும் வரைந்து முடிக்க வேண்டிய வேலை கிராபிக்ஸ் கார்டினுடையது. நொடிக்கு 60 பிரேம்கள் வேண்டுமானால் ஒரு பிரேமுக்குக் கிடைக்கும் அவகாசம் 16.7 மில்லிநொடி, 144 வேண்டுமானால் வெறும் 6.9 மில்லிநொடி. எனவே நொடிக்கு 60 முறை மட்டுமே படத்தை மாற்றும் 60 ஹெர்ட்ஸ் மானிட்டரை வைத்துக்கொண்டு 200 பிரேம் தரும் கார்டு வாங்குவதும், 4கே திரையை வாங்கிவிட்டு அதை ஓட்டமுடியாத கார்டோடு மல்லுக்கட்டுவதும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள்தான். பட்ஜெட் கணினிக்கு 1920×1080 அளவும் 144 ஹெர்ட்ஸ் அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட வேகமும் கொண்ட மானிட்டரே பொருத்தமான இலக்கு என்பது என் கருத்து.

இலக்கு தெரிந்தபின் பணத்தைப் பிரிப்பதில் அடுத்த தவறு நேர்கிறது. பிராசசரின் பெயர் எல்லோருக்கும் தெரிந்தது என்பதாலோ என்னவோ, மொத்தத் தொகையில் பெரும்பகுதியை அதற்கே கொடுத்துவிட்டு, மிஞ்சியதில் கிடைக்கும் கிராபிக்ஸ் கார்டை வாங்கிப் பொருத்துகிறார்கள். விளையாட்டில் அடுத்து என்ன நடக்கவேண்டும் என்பதைக் கணக்கிடுவது பிராசசர். அதைப் படமாக வரைந்து தருவது கார்டு. இன்றைய பெரிய விளையாட்டுகளில் பெரும்பாலும் முதலில் திணறுவது வரையும் வேலைதான். ஏஎம்டியின் ரைசன் 5 5600, இன்டெலின் கோர் ஐ5-12400எஃப் போன்ற 6 கோர் (கணக்கிடும் அலகு), 12 திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைத்தொடர்) கொண்ட பிராசசர்களே பட்ஜெட் கார்டுகளுக்குத் தாராளமாகப் போதும். மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் கார்டுக்கு ஒதுக்கிவிட்டு மீதியைப் பங்கிடுங்கள். வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 போன்ற போட்டி விளையாட்டுகளை மட்டுமே ஆடுபவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும். அங்கே கார்டின் வேலை குறைவு என்பதால் அதிகபட்ச பிரேம்களைத் தீர்மானிப்பது பிராசசர்தான். இரண்டு பாகங்களின் பெயரைக் கொடுத்தால் "இத்தனை சதவீதம் தடை" என்று காட்டும் இணையக் கணிப்பான்களை நம்பி முடிவெடுக்கவேண்டாம். எது எதைத் தடுக்கிறது என்பது விளையாட்டுக்கு விளையாட்டும் அமைப்புக்கு அமைப்பும் மாறக்கூடியது. அதை ஒற்றை எண்ணில் அடக்க முடியாது.

பட்ஜெட் குறையக் குறையப் பெட்டியின் மேல் இருக்கும் பெயரை மட்டும் பார்த்து வாங்கும் ஆபத்து கூடுகிறது. ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு பொருள்கள் விற்கப்படுவது இந்தத் துறையில் பழைய வழக்கம். என்விடியாவின் ஜிடி 1030 கார்டு 2017இல் ஜிடிடிஆர்5 நினைவகத்தோடு வந்தது. அடுத்த ஆண்டே அதே பெயரில் டிடிஆர்4 நினைவகத்தோடு இன்னொன்று வந்தது. முன்னதன் நினைவகம் நொடிக்கு 48 ஜிபி தரவைக் கடத்தும்; பின்னதோ 17 ஜிபியைக்கூட எட்டாது. பெட்டியும் பெயரும் ஒன்றுபோலவே இருந்ததால், ஓரத்தில் சிறிய எழுத்தில் அச்சாகியிருந்த நினைவக வகையைப் படிக்காமல் வாங்கியவர்கள் பாதி வேகத்துக்கும் குறைவான ஒரு பொருளை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஜிடிஎக்ஸ் 1060இலும் இப்படித்தான்: 6 ஜிபி கார்டில் 1280 கோர்கள், 3 ஜிபி கார்டில் 1152 கோர்கள். ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி வடிவத்திலும் குறைந்தது நினைவகம் மட்டுமன்று. 8 ஜிபி வடிவத்தில் 2560ஆக இருந்த கோர்களும் 2304ஆகக் குறைந்தன. எனவே கடைக்காரர் தரும் பட்டியலில் "3050 கார்டு" என்று மட்டும் எழுதியிருந்தால் அந்தப் பட்டியல் முழுமையானதன்று. முழு மாடல் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. நினைவகத்தின் அளவைப் பார்த்தே கார்டின் திறனை எடைபோடுவது அது. சிப் மெலிந்ததாக இருந்தால் அதன் மேல் எத்தனை ஜிபி ஏற்றினாலும் வேகம் வராது. ஆனால் சிப் நன்றாக இருந்து நினைவகம் போதாமற்போனால் விளையாட்டு திடீர் திடீரென்று தடுக்கி நிற்கும். சராசரி பிரேம் எண்ணிக்கை நன்றாகத் தெரிந்தாலும் ஆடும்போது எரிச்சலாக இருக்கும். இன்று புதிதாக வாங்கும் கார்டுக்கு 8 ஜிபி என்பதைக் கீழ்வரம்பாகவே நான் வைக்கிறேன்.

பாகங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வழியையும் கவனிக்கவேண்டும். 2022இல் வந்த ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, எல்லாப் பாகங்களும் பொருந்தும் பலகையான மதர்போர்டோடு, பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற இணைப்பின் நான்கு தடங்களில் மட்டுமே இணைகிறது. நான்காம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸில் அந்த நான்கு தடங்கள் ஓரளவு போதும்; மூன்றாம் தலைமுறையில் இணைப்பின் வேகம் பாதியாகிவிடும். கார்டில் இருப்பதோ 4 ஜிபி. அது நிரம்பி வழியும்போது தரவு அந்தக் குறுகிய வழியாகத்தான் போய்வரவேண்டியிருப்பதால் அடி இரண்டு மடங்காக விழும். பழைய கணினிக்கு மலிவாக ஒரு கார்டு என்று இதை வாங்கியவர்கள்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். பிராசசர் பக்கமும் இதே கதை உண்டு. ரைசன் 5 5500க்கும் 5600க்கும் பெயரில் நூறு எண்தான் வேறுபாடு; ஆனால் முன்னது மூன்றாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸோடு நின்றுவிடுகிறது.

இனி எஸ்எம்பிஎஸ், அதாவது எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் பாகம். பட்ஜெட் கணினிகளில் பெரும்பாலானோர் கை வைக்கும் இடம் இதுதான், கை வைக்கவே கூடாத இடமும் இதுதான். பிரேமைக் கூட்டாத பாகம் என்பதால் கேபினெட் எனப்படும் கணினிப் பெட்டியோடு இலவசமாக வந்ததையே போட்டுவிடுகிறார்கள். மற்ற எந்தப் பாகம் பழுதானாலும் பெரும்பாலும் அது மட்டும்தான் போகும். மோசமான எஸ்எம்பிஎஸ் போகும்போது மதர்போர்டையும் கார்டையும் சேர்த்துக்கொண்டு போகக்கூடும். "500 வாட்" என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பது மட்டும் போதாது. பக்கவாட்டில் இருக்கும் அட்டவணையில் 12 வோல்ட் வரிசைக்கு எத்தனை வாட் என்று பாருங்கள். பிராசசரும் கார்டும் உண்பது அந்த வரிசையிலிருந்துதான். மொத்தம் 500 என்று எழுதிவிட்டு 12 வோல்ட்டுக்கு 300 மட்டும் தரும் எஸ்எம்பிஎஸ் பழைய காலத்து வடிவமைப்பு, அதை ஒதுக்கிவிடலாம்.

"80 ப்ளஸ்" முத்திரையைத் தரச்சான்றாக எடுத்துக்கொள்வதும் பரவலான தவறு. அந்த முத்திரை அளப்பது செயல்திறனை மட்டுமே: சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரத்தில் எத்தனை சதவீதம் கணினிக்குப் போய்ச் சேர்கிறது என்பதை. மின்னழுத்தம் எவ்வளவு சீராக வருகிறது, மிகைச்சுமை வந்தால் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளுமா என்பனவற்றைப் பற்றி அது எதுவும் சொல்லாது. அவற்றைத் தெரிந்துகொள்ள, அதே மாடலைக் கருவி வைத்துச் சோதித்து எழுதிய விமர்சனத்தைத் தேடிப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஐந்தாண்டுக்குமேல் உத்தரவாதம் தரும் மாடலா என்று பார்ப்பதும் ஓரளவு உதவும். வாட் கணக்கு அத்தனை கடினமன்று. ஆர்டிஎக்ஸ் 4060 போன்ற 115 வாட் கார்டுக்கும் 65 வாட் வகைப் பிராசசருக்கும் நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ் தாராளம். பின்னாளில் பெரிய கார்டு போடும் எண்ணம் இருந்தால் 650. மதர்போர்டு ஸ்லாட் ஒரு கார்டுக்கு 75 வாட்தான் தரும். அதற்கு மேற்பட்டதை 6 பின் இணைப்பு வழியே 75, 8 பின் இணைப்பு வழியே 150 என்று எஸ்எம்பிஎஸ் நேரடியாகத் தரவேண்டும். அந்த 8 பின் இணைப்பு இல்லையென்று மோலெக்ஸ் என்ற பழைய வகை இணைப்பிலிருந்து மின்சாரம் எடுக்கும் மாற்றி ஒன்றை வாங்கிச் செருகுவது தீப்பிடிக்கும் சாத்தியத்தை வீட்டுக்குள் அழைத்து வருவதாகும். கழற்றி மாட்டும் கேபிள்கள் கொண்ட மாடலாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: ஒரு எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளை இன்னொன்றில் செருகாதீர்கள். எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின்களின் வரிசைக்குப் பொதுவிதி கிடையாது. கேபிளின் முனை அச்சாகப் பொருந்தும். சுவிட்சைப் போட்டவுடன் ஹார்ட் டிஸ்க் கருகிவிடக்கூடும்.

மதர்போர்டில் செய்யப்படும் தவறுகளில் பாதி, பொருந்தாத ஒன்றை வாங்குவது. பிராசசர் அமரும் இடமான சாக்கெட் ஏஎம்4 என்றால் டிடிஆர்4 ரேம், ஏஎம்5 என்றால் டிடிஆர்5 ரேம் என்று ஏஎம்டியில் கணக்கு எளிது. இன்டெலின் எல்ஜிஏ1700 சாக்கெட்டில் இரு வகை ரேமுக்கும் தனித்தனியாக மதர்போர்டுகள் வந்தன. இரண்டிலும் 288 பின்களே இருந்தாலும் நடுவிலுள்ள வெட்டு வேறிடத்தில் இருப்பதால் ஒன்று மற்றதில் ஏறாது. சாக்கெட் பொருந்தினாலும், மதர்போர்டின் தொடக்க மென்பொருளான பயாஸ் பழையதாக இருந்தால் புதிய பிராசசரை மதர்போர்டு அடையாளம் காணாது என்பதால், தயாரிப்பாளரின் தளத்தில் உள்ள பிராசசர் பட்டியலில் எந்தப் பயாஸ் பதிப்பிலிருந்து ஆதரவு என்று பார்த்துவிடுங்கள். மறுபாதித் தவறு, தேவையற்றதை வாங்குவது. 12400எஃப் போன்ற, வேகம் பூட்டப்பட்ட பிராசசருக்கு இசட் வரிசை மதர்போர்டு வாங்கினால் ஓவர்கிளாக்குக்காக, அதாவது வேகத்தைக் கூட்டும் வசதிக்காகக் கொடுத்த பணம் அப்படியே வீண். அந்தப் பெயரின் கடைசியில் வரும் "எஃப்" எழுத்துக்கும் பொருள் உண்டு: உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை. கார்டு பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று அதை முதலில் வாங்கினால் திரையில் எதுவும் வராது. ரைசன் 5 5600உம் அப்படியே. அதற்குரிய கிராபிக்ஸ் உள்ளது 5600ஜியில்தான்.

ரேமில் பணத்தைவிடக் கவனமே அதிகம் வேண்டும். 16 ஜிபி ஒற்றைத் துண்டாக வாங்காமல் 8 ஜிபி இரண்டாக வாங்குங்கள். ரேமுக்கும் பிராசசருக்கும் இடையிலுள்ள இரு தடங்களிலும் தரவு ஓடுவதால் பல விளையாட்டுகளில் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டில் பெரும்பாலும் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருகவேண்டும். 3600 என்று அட்டையில் போட்டிருக்கும் டிடிஆர்4 ரேம், பயாஸில் எக்ஸ்எம்பி என்ற வேக அமைப்பை இயக்காதவரை 2133 அல்லது 2666 போன்ற அடிப்படை வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். டிடிஆர்5 ரேமில் ஏஎம்டிக்கான இதே அமைப்பின் பெயர் எக்ஸ்போ.

சேமிப்புக்கு என்விஎம்இ எனப்படும் வேகமான வகையில் 1 டிபி எஸ்எஸ்டி வாங்குங்கள், அவ்வளவுதான். 100 ஜிபியைத் தாண்டும் விளையாட்டுகள் இப்போது சாதாரணம் என்பதால் 256 ஜிபி இரண்டாவது வாரத்திலேயே நிரம்பிவிடும்.

கேபினெட்டில் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே வண்ண விளக்குகள் என்றிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். காற்று நுழைய வழியில்லாத பெட்டியில் கார்டு சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். முன்பக்கம் வலை போட்ட பெட்டியே நல்லது. வாங்குமுன் கார்டின் நீளம், பிராசசரைக் குளிர்விக்கும் கூலரின் உயரம், மதர்போர்டின் அளவு ஆகிய மூன்றையும் பெட்டியின் விவரப்பட்டியலோடு ஒப்பிடவேண்டும். என் முதல் கணினியில் கூலரின் உயரம் 158 மில்லிமீட்டர், பெட்டி தாங்கும் உயரம் 150. எல்லாக் கேபிள்களையும் செருகி, ஒழுங்காகக் கட்டி, கடைசியாகப் பக்கக் கதவை மூடப்போனபோதுதான் அது தெரிந்தது. கூலரின் மேல்முனையில் கதவு இடித்து, கீழ்ப்பக்கம் மட்டும் பொருந்தி மேலே ஒரு விரற்கடை திறந்தே நின்றது. கூலரின் அடியில் வெப்பம் கடத்தும் பேஸ்ட் தடவிவிட்டதால் அதைத் திருப்பியும் கொடுக்க முடியவில்லை. இரண்டாவதாக ஒரு கூலர் வாங்கினேன். இத்தனைக்கும் அந்தப் பிராசசரோடு வந்த கூலரே அதற்குப் போதுமானதாக இருந்தது. பூட்டப்பட்ட பிராசசர்களோடு பெரும்பாலும் கூலர் சேர்ந்தே வரும். பூட்டப்படாத, இன்டெலின் "கே" வகைகளோடு வராது.

பழைய பாகங்கள் வாங்குவதில் தவறில்லை, எதைப் பழையதாக வாங்குகிறோம் என்பதில்தான் தவறு நேர்கிறது. பிராசசர், ரேம், கேபினெட் ஆகியவற்றைத் தயங்காமல் வாங்கலாம். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் பழையதாக வாங்கவே வேண்டாம். கார்டை, எதிரிலேயே ஒரு விளையாட்டை அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லி வாங்குங்கள். மிகப் பழைய கார்டின் பயாஸை மாற்றிப் புதிய கார்டின் பெயரைக் காட்டும்படி செய்த போலிகள் சந்தையில் உலவுகின்றன. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் இவற்றுள் பலவற்றைப் போலி என்று பெயருக்கு முன்னாலேயே குறித்துக் காட்டிவிடும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெலில் 8ஆம் தலைமுறையிலோ அதற்குப் பின்னரோ வந்த பிராசசரும் இல்லாத பழைய செட்டை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுவதே நல்லது.

கடைசியாக, மாதம் ஒரு பாகமாக வாங்கிச் சேர்ப்பது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்குபவர்களுக்கு இது இயல்பாகத் தோன்றும், அவர்களுடைய நிலை எனக்குப் புரிகிறது. ஆனால் ஆறு மாதம் பெட்டியிலேயே கிடந்த மதர்போர்டு பழுது என்பது, கடைசிப் பாகம் வந்த அன்றுதான் தெரியவரும். அதற்குள் கடையில் மாற்றிக்கொள்ளும் கெடு கடந்திருக்கும், உத்தரவாதத்தில் அரை ஆண்டும் கழிந்திருக்கும், முதலில் வாங்கியதன் விலையும் இறங்கியிருக்கலாம். பணத்தைச் சேர்த்துவைத்து எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் வாங்குங்கள். கேபினெட்டுக்குள் திருகுவதற்கு முன், மதர்போர்டை அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்து, பிராசசரும் கூலரும் ரேமும் கார்டும் பொருத்தி, எஸ்எம்பிஎஸ் கேபிள்களை இணைத்து, மானிட்டர் கேபிளை மதர்போர்டில் அல்லாமல் கார்டின் பின்புறம் செருகி, பயாஸ் திரை வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். வரவில்லையென்றால் அன்றே கடைக்குப் போகலாம்.