கிழித்துக் கொடுக்கும் 5 சதம்: 1942 கொழும்புக் காட்சிக்கு ஒரு நோட்டு

யுத்தத்தில் உலோகத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது, இலங்கை அரசாங்கம் சில்லறையைக் கடதாசியில் அடித்தது. 1942இல் 10, 25, 50 சத நோட்டுகளோடு ஒரு 5 சத நோட்டும் வந்தது. அதன் நடுவே துளை வரிசை. ஒரு பாதி 3 சதம், மறு பாதி 2 சதம். முத்திரை கிழிப்பதுபோலக் கிழித்து மிச்சம் கொடுக்கலாம். மேடை நாடகத்தின் கடைக்காட்சி ஒன்றில் வசனமே இல்லாமல் காலத்தைக் காட்டிவிடும் பொருள் இது. அதன் பிரதியை நாமே செய்யலாம்.

முதலில் திகதியைப் பாருங்கள். பலரும் கொழும்பில் ஜப்பான் குண்டு விழுந்த நாளைத்தான் நடிக்கிறார்கள். அது 1942 ஏப்ரல் 5. நோட்டில் உள்ள திகதியோ 1942 ஜூன் 1. ஆகவே அந்தக் காட்சியில் இது வரவே கூடாது. 1944க்குப் பிந்திய கதை என்றால், அலைவிளிம்புள்ள பித்தளை நிற 2 சதக் குற்றியையும் கல்லாவில் போடுங்கள்.

அடுத்து, கோட்டை சதாம் வீதியில் மத்திய வங்கியின் நூதனசாலை இருக்கிறது. பழைய நோட்டுகள் எப்படி இருக்கும் என்று நேரில் பார்த்துவிட்டு வந்தால் கை தானாகச் சரியாகும். பிரதியை அசலைவிட ஐந்தில் ஒரு பங்கு பெரிதாக வரையுங்கள். பின்பக்கம் ‘நாடகப் பிரதி’ என்று அடியுங்கள். பின்வரிசைக்கும் தெரியும், அசல் என்று யாரும் ஏமாறவும் மாட்டார்கள். அச்சடிக்க முன் மத்திய வங்கியிடம் எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது. இன்று புழங்கும் நோட்டைப் பிரதி எடுக்கும் எண்ணமே வேண்டாம்.

இனிக் கடதாசி. வெள்ளைத் தாளைக் கடும் பிளேன்ரீயில் ஐந்து நிமிடம் ஊறவைத்து, நிழலில் காயவைத்து, துணி ஒன்றை மேலே போட்டு அயன் பண்ணுங்கள். அதன் பிறகுதான் அச்சு. நான் முதல் தடவை அச்சடித்துவிட்டுத் தேநீரில் போட்டேன். மை கரைந்து நோட்டு முழுக்க ஊதா.

துளைக்குத் தையல் மெஷின் போதும். நூலைக் கழற்றிவிடுங்கள். 16ஆம் நம்பர் ஊசி, தையல் நீளம் இரண்டரை மில்லிமீற்றர். அதைவிட நெருக்கமாகப் போட்டால் சட்டைப் பைக்குள்ளேயே இரண்டாகிவிடும், அதுவும் எனக்கு நடந்ததுதான். தாளை வெட்டாமல் முழுசாகத் தைத்து, அப்புறம் தனித்தனி நோட்டாக வெட்டுங்கள். வெட்டிய துண்டு ஊசிக்குக் கீழே ஓடும்.

மேடையில் கடைக்காரர் துளை வழியே ஒருதரம் மடித்து, நகத்தால் நீவி, பிறகு கிழிக்கட்டும். மடிக்காமல் இழுத்தால் கோணலாகப் போகும். ஒவ்வொரு ஒத்திகைக்கும் ஒரு நோட்டு போய்விடும், அதையும் கணக்கில் சேர்த்து அடியுங்கள்.