மிஸ்டரி ஆடிட் வேலை: எந்தக் கம்பெனியை நம்பிக் கைக்காசு போடலாம்?

சாதாரண வாடிக்கையாளர் போலக் கடைக்குப் போய், சாப்பிட்டோ விசாரித்தோ விட்டு வந்து, நடந்ததை நடந்தபடி ரிப்போர்ட்டாக எழுதித் தருவதுதான் மிஸ்டரி ஷாப்பிங். நம் ஊரில் மிஸ்டரி ஆடிட் என்றும் சொல்வார்கள். உணவகங்கள், பெட்ரோல் பங்க், வங்கிக் கிளை, கார் ஷோரூம், மொபைல் கடை, நகைக்கடை என்று பல இடங்களில் இந்த வேலை நடக்கிறது. இதில் மாதச் சம்பளம் கிடையாது, நீங்கள் யாருக்கும் ஊழியரும் இல்லை. ஒரு விசிட்டுக்கு இவ்வளவு ஃபீஸ், பில்லில் இவ்வளவு வரை ரீஇம்பர்ஸ்மென்ட், அவ்வளவுதான். முதலில் பணம் போடுவது நீங்கள். ஒன்றிரண்டு மாதம் கழித்துத் திருப்பித் தருவது அவர்கள். அதனால் ஃபீஸ் எவ்வளவு என்பதைக் கடைசியில் பாருங்கள். பணம் எந்தத் தேதியில் வரும், எந்தக் காரணம் சொல்லி வராமல் போகும் என்ற இரண்டுக்கும் முதலில் பதில் தேடுங்கள்.

முதலில், அப்படியொரு கம்பெனி இருக்கிறதா

பிரைவேட் லிமிடெட் என்று சொன்னால் அதற்கு 21 எழுத்து, எண் கொண்ட சிஐஎன் என்ற கம்பெனி அடையாள எண் இருக்கும். அதை மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகத்தின் (எம்சிஏ) தளத்தில் தேடலாம். அந்த எண்ணுக்கு உள்ளேயே மாநிலக் குறியீடும் பதிவான ஆண்டும் இருக்கின்றன. 'இருபது வருட அனுபவம்' என்று தளத்தில் போட்டுக்கொண்டு, சிஐஎன்னில் 2024 என்று இருந்தால் கேள்வி கேட்க வேண்டிய இடம் அது. கம்பெனியின் நிலை 'ஆக்டிவ்' என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒருவரே நடத்தும் ப்ரொப்ரைட்டர்ஷிப்பாக இருந்தால் சிஐஎன் இருக்காது. அதை மட்டும் வைத்து மோசடி என்று சொல்லிவிட முடியாது. ஜிஎஸ்டி எண் தந்தால் ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பாருங்கள். 15 இலக்கத்தில் முதல் இரண்டும் மாநிலம்: தமிழ்நாடு 33, மகாராஷ்டிரா 27, கர்நாடகா 29. சென்னைக் கம்பெனி என்று சொல்லிக்கொண்டு வேறு மாநில எண் மட்டும் தந்தால், காரணம் கேளுங்கள்.

இதைவிடச் சிக்கலானது, நிஜமான கம்பெனியின் பெயரை வைத்துக்கொண்டு வேறு யாரோ ஆள் பிடிப்பது. வாட்ஸ்அப்பில் வந்த லிங்க்கைத் தட்டாமல், கம்பெனியின் தளத்துக்கு நீங்களே போய், அங்கே இருக்கும் மெயிலுக்கு எழுதி 'இந்த நபர் உங்களுக்காக வேலை பிரித்துத் தரும் கோஆர்டினேட்டர்தானா' என்று கேட்டுவிடுங்கள். எம்எஸ்பிஏ என்ற சர்வதேச சங்கத்தின் பெயரும் இப்படித்தான் அடிபடும். அது மிஸ்டரி ஷாப்பிங் கம்பெனிகளுக்கான சங்கம். அது நேரடியாக ஷாப்பர்களுக்கு வேலை தருவதில்லை. உறுப்பினர் பட்டியலைத் தளத்தில் பார்க்கலாம். பட்டியலில் இருப்பது நல்ல அறிகுறிதான், ஆனால் பேமென்ட் நேரத்துக்கு வரும் என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது.

பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், ஐடி கார்டு கட்டணம் என்று எதைக் கேட்டாலும் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். டெலிகிராமில் 'ஹோட்டலுக்கு ஸ்டார் போடுங்கள், 150 ரூபாய்' என்று ஆரம்பித்து, இரண்டு முறை பணமும் போட்டு ஆசை காட்டி, பிறகு 'ப்ரீபெய்டு டாஸ்க்' என்று ஆயிரக்கணக்கில் கட்டச் சொல்வதற்கும் மிஸ்டரி ஆடிட்டுக்கும் சம்பந்தமே இல்லை. மாட்டிக்கொண்டால் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குக் கூப்பிட வேண்டும். பணம் கை மாறிப் போவதற்குள் சொன்னால்தான் முடக்க வழியுண்டு. அமெரிக்கா, கனடாவில் இருப்பவர்களுக்கு வேறு மாதிரி வலை: தபாலில் ஒரு செக் வரும், அதை வங்கியில் போட்டு கிஃப்ட் கார்டு வாங்கி, கார்டின் எண்ணை அனுப்பச் சொல்வார்கள். கணக்கில் பணம் வந்தது போல் காட்டும். சில வாரம் கழித்து செக் திரும்பும்போது முழுத் தொகையும் உங்கள் தலையில் விழும்.

பான், வங்கிக் கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி ஆகியவை பேமென்ட்டுக்குத் தேவை. அதையும் முதல் வேலை கிடைத்த பிறகு தந்தால் போதும். ஓடிபி, யுபிஐ பின், டெபிட் கார்டு விவரம் யாருக்கும் தேவையில்லை.

பணம் யார் கணக்கிலிருந்து வரும்

வெளியில் தெரியாத விஷயம் இது. பெரிய கம்பெனி வேலையை எடுத்து, ஊருக்கு ஊர் ஒரு ஏஜென்சிக்குக் கை மாற்றும். அந்த ஏஜென்சி வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்கும் ஒரு கோஆர்டினேட்டருக்கு மாற்றும். ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் கழியும். ஆயிரம் ரூபாய் வேலை உங்களிடம் முந்நூறாக வந்து சேரலாம். அது கூடப் பரவாயில்லை. 'மேலே இருந்து பேமென்ட் வரவில்லை' என்று மூவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டும்போது நீங்கள் யாரைக் கேட்பது? அதனால் போகும் முன்பே எழுத்தில் கேளுங்கள்: ரிப்போர்ட் கம்பெனித் தளத்தில் என் பெயரில் உள்ள ஐடியில் ஏறுமா, பணம் எந்தப் பெயரிலிருந்து வரும்? 'என் ஐடியிலேயே போட்டுவிடுங்கள், ஜிபேயில் அனுப்புகிறேன்' என்று சொன்னால், கம்பெனியின் கணக்கில் நீங்கள் அந்தக் கடைக்குப் போகவே இல்லை. பிறகு உரிமை கோர இடமில்லை.

நிராகரிப்பு விதியை வரிவரியாகப் படியுங்கள்

பதிவு செய்யும்போது ஒப்புக்கொள்ளச் சொல்லும் ஒப்பந்தத்தையும், ஒவ்வொரு வேலைக்கும் வரும் பிரீஃபிங்கையும் (என்ன செய்ய வேண்டும் என்ற குறிப்பு) சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ஃபீஸ் ஒரே வரியில் இருக்கும். அதை எப்போது தரமாட்டோம் என்பது ஒரு பக்கத்துக்கு இருக்கும். நியாயமான கம்பெனியும் சில காரணங்களுக்காக ரிப்போர்ட்டைத் தள்ளும்: சொன்ன நேரத்துக்கு வெளியே போனது, பில்லில் தேதியோ நேரமோ தெரியாதது, கெடு தாண்டி அனுப்பியது, கிளை மாறிப் போனது. கடைசிக் காரணம் நீங்கள் நினைப்பதைவிட அடிக்கடி நடக்கும். தி. நகர் போன்ற இடத்தில் ஒரே பெயரில் அருகருகே இரண்டு கிளை இருக்கும். கதவு எண்ணைப் பார்க்காமல் போனால் மொத்த உழைப்பும் வீண்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டியது வேறு வகை வரிகளில். 'வாடிக்கையாளர் நிறுவனம்', அதாவது ஆடிட் கேட்ட கடை, 'ஏற்காவிட்டால் பேமென்ட் இல்லை' என்று மட்டும் இருந்தால், நீங்கள் எல்லாம் சரியாகச் செய்தும் பணம் போகலாம். ஃபீஸ் தராவிட்டாலும் பில் தொகையாவது கிடைக்குமா என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். 'ரிப்போர்ட்டின் தரத்துக்கு ஏற்ப ஃபீஸ்' என்றால் எத்தனை மதிப்பெண்ணுக்கு எவ்வளவு என்று அட்டவணை இருக்கிறதா? ரகசியமாக ஆடியோ, வீடியோ எடுக்கச் சொல்லிவிட்டு, பிரச்சினை வந்தால் முழுப் பொறுப்பும் ஷாப்பருக்கே என்று எழுதியிருந்தால் அந்த வேலையை விட்டுவிடுவதே மேல். விசிட்டின் முடிவில் யாரென்று சொல்லிக்கொள்ளும் வகை ஆடிட் என்றால், மேலாளரிடம் காட்ட அனுமதிக் கடிதம் தர வேண்டும். அது இல்லாமல் போகாதீர்கள்.

பேமென்ட் நாளை நீங்களே காலண்டரில் எண்ணிப் பாருங்கள். 'ரிப்போர்ட் ஏற்கப்பட்ட மாத இறுதியிலிருந்து 45 நாள்' என்று இருக்கிறது, நீங்கள் ஜூலை 3 அன்று போனீர்கள், 10-ம் தேதி ரிப்போர்ட் ஏற்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். ஜூலை 31-லிருந்து 45 நாள் என்றால் செப்டம்பர் 14. கைக்காசு போன நாளிலிருந்து 73 நாள். தாளில் 45 என்று இருப்பதைப் பார்த்து ஆகஸ்ட் நடுவில் மெயில் போட்டுச் சண்டை பிடிப்பவர்கள் உண்டு. தவறு கம்பெனியுடையது ஆகாது.

ஃபீஸை மணிக்கணக்காக மாற்றுங்கள்

உதாரணமாக ஓர் உணவக ஆடிட். ஃபீஸ் 350 ரூபாய், ரீஇம்பர்ஸ்மென்ட் 600 வரை. ஸ்டார்ட்டர், மெயின், ஜூஸ், இனிப்பு எல்லாம் வாங்கியே ஆக வேண்டும் என்கிறது பிரீஃபிங். சாப்பாடு 617, அதன் மேல் 5% ஜிஎஸ்டி, பில் 648. உச்சவரம்புக்கு மேல் போன 48 உங்களுடையது. வண்டிக்குப் பெட்ரோல் 40, பார்க்கிங் 20. மிச்சம் 242. பிரீஃபிங் படித்துச் சிறு தேர்வு எழுத அரை மணி நேரம், போக வர ஒன்றரை மணி, உள்ளே ஒரு மணி, ரிப்போர்ட் எழுத ஒன்றரை மணி: நாலரை மணி நேரம். மணிக்கு 54 ரூபாய்க்கும் குறைவு. எப்படியும் அங்கே சாப்பிட இருந்தீர்கள் என்றால் லாபம், இதை வருமானமாக நினைத்தால் நஷ்டம். கட்டாய ஆர்டரின் விலையை மெனுவில் கூட்டிப் பார்த்து, வரியோடு சேர்த்து உச்சவரம்புக்குள் அடங்குகிறதா என்று வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம். அடங்காவிட்டால் கேளுங்கள். சில கம்பெனிகள் ஏற்றித் தருவார்கள், குறிப்பாக மாதக் கடைசியில் ஆள் கிடைக்காமல் தவிக்கும்போது.

பிரீஃபிங் சொல்லிவிடும்

கம்பெனியின் தரம் தெரிய வேண்டுமென்றால் அவர்கள் அனுப்பும் பிரீஃபிங்கைப் பாருங்கள். நகைக்கடை ஆடிட்டை எடுத்துக்கொள்வோம். நல்ல பிரீஃபிங்கில் கிளையின் கதவு எண் இருக்கும். போகக்கூடாத நாள்கள் இருக்கும், அட்சய திருதியை வாரத்தில் அனுப்பமாட்டார்கள். என்ன சொல்லி நுழைவது என்று இருக்கும்: தங்கை கல்யாணத்துக்கு மூன்று பவுன் செயின், இன்று பார்க்க மட்டும், அப்பாவோடு வந்து வாங்குவோம். எதை நீங்கள் கேட்க வேண்டும், எதை அவர்களாகச் சொல்கிறார்களா என்று காத்திருக்க வேண்டும் என்பது தனித்தனியாக இருக்கும். செய்கூலி, சேதாரத்தைப் பிரித்துச் சொன்னார்களா, ஹால்மார்க் முத்திரையோடு எச்யுஐடி என்ற, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீட்டை லென்ஸ் வைத்துக் காட்டினார்களா என்பதெல்லாம் ரிப்போர்ட்டின் கேள்விகள். அதை நீங்களே முதலில் கேட்டுவிட்டால் ஆடிட்டே கெட்டுவிடும்.

மோசமான பிரீஃபிங்கில் இரண்டாம் பக்கம் விசிட்டிங் கார்டு வாங்காதீர்கள் என்று இருக்கும், ஐந்தாம் பக்கம் கார்டின் போட்டோ கட்டாயம் என்று இருக்கும். வேறு ஊரின் பெயர் நடுவில் எட்டிப் பார்க்கும். இதைச் சுட்டி மெயில் போடுங்கள். ஒரு நாளுக்குள் தெளிவாகப் பதில் வந்தால் வேலை செய்யலாம். 'பார்த்துப் பண்ணுங்க சார்' என்று வந்தால், நிராகரிப்பும் அப்படியேதான் வரும்.

சோதனைக்கு ஒரு வேலை

முதல் வேலை கைக்காசு போகாததாக இருக்கட்டும்: வங்கியில் கணக்கு விசாரிப்பது, ஷோரூமில் கார் பார்ப்பது, போனில் விசாரிப்பது. வேலை ஒதுக்கப்பட்டதும் ஃபீஸ், உச்சவரம்பு, நேரம் தெரியும் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பின்னால் தளத்தில் எண் மாறினால் கையில் சாட்சி வேண்டும். பில் தந்த இடத்திலேயே போட்டோ எடுத்துவிடுங்கள். அந்தத் தாளில் எழுத்து வெயிலிலும் பர்ஸிலும் மங்கிவிடும்.

ரிப்போர்ட் போன பிறகு எடிட்டர் கேட்கும் கேள்விகளைக் கவனியுங்கள். '23-ம் கேள்வியில் நாலு நிமிடம் காத்திருந்தேன் என்கிறீர்கள், விவரிப்பில் ஏழு என்று இருக்கிறது' என்று கேட்டால் யாரோ உட்கார்ந்து படிக்கிறார்கள். 'இல்லை என்பதை ஆம் என்று மாற்றுங்கள், கிளையன்ட் விரும்பமாட்டார்' என்றால் விலகுங்கள். போகாமலேயே ரிப்போர்ட் நிரப்பச் சொல்லும் கோஆர்டினேட்டருக்கும் இதே பதில்தான்.

முதல் பணம் கணக்கில் ஏறும்வரை செலவுள்ள வேலை எதுவும் அங்கே எடுக்காதீர்கள். அதற்குப் பிறகும் ஒரே கம்பெனியிடம் நிலுவையாக நிற்கும் தொகைக்கு எல்லை வையுங்கள், ஆரம்பத்தில் ஆயிரம் ரூபாய் போதும். ஓட்டலில் தங்கும் ஆடிட், பொருளை வாங்கித் திருப்பித் தரும் ஆடிட் எல்லாம் ஐந்தாறு பேமென்ட் ஒழுங்காக வந்த கம்பெனியோடு மட்டும். பேமென்ட்டில் வரி (டிடிஎஸ்) பிடித்திருந்தால், அந்தத் தொகை வருமான வரித் தளத்தில் உங்கள் பானில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பிடித்துவிட்டுக் கட்டாமல் இருந்தால் கணக்குத் துறைக்கு மெயில். பான் தராவிட்டால் பிடித்தம் 20% ஆகும்.

கெடு தாண்டியும் வராவிட்டால் வேலை எண், போன தேதி, ஏற்கப்பட்ட தேதி, தொகை ஆகிய நான்கையும் எழுதி ஒரே மெயில் போடுங்கள், வாட்ஸ்அப்பில் புலம்ப வேண்டாம். ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் அதே மெயிலைக் கணக்குத் துறைக்கும் கம்பெனியின் பொது முகவரிக்கும் அனுப்புங்கள். 900 ரூபாய்க்கு வக்கீல் நோட்டீஸ் கட்டுபடியாகாது. கடையின் தலைமையகத்துக்கு எழுதும் முன் ஒப்பந்தத்தின் ரகசியப் பிரிவைப் படியுங்கள், அதை மீறினால் நிலுவையைத் தர மறுக்க அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும். அதற்கிடையில் கோஆர்டினேட்டர் போனில் வந்து, 'இந்த மூன்று விசிட்டையும் முடித்துக் கொடுங்கள், எல்லாம் சேர்த்து கிளியர் பண்ணிவிடுகிறேன்' என்பார். அந்த மூன்றை எடுக்காதீர்கள்.