ஒரு பவுண்டில் தொடங்குங்கள்: பழைய ஸ்காட்லாந்து நோட்டுகளைச் சேகரிப்பது எப்படி?

பழைய ஸ்காட்லாந்து நோட்டுகளைச் சேர்க்க ஆசைப்படுபவர்கள் முதலில் திணறுவது எதை வாங்குவது என்பதில்தான். அங்கே நோட்டு வெளியிடுவது மத்திய வங்கி அல்ல. பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து, ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து, கிளைட்ஸ்டேல் என்று மூன்று வணிக வங்கிகளின் பெயரில் இன்றும் நோட்டுகள் புழங்குகின்றன. முன்பு இன்னும் பல வங்கிகள் இருந்தன. எல்லாவற்றையும் துரத்தினால் கையிருப்பு கரைந்துவிடும்.

படி 1: ஒரு மதிப்பைத் தேர்ந்தெடுங்கள்

நான் சொல்வது ஒரு பவுண்ட் நோட்டு. விலை குறைவு என்பது ஒரு காரணம்தான். 1826இல் ஐந்து பவுண்டுக்குக் குறைந்த நோட்டுகளை ஒழிக்க லண்டன் அரசு முனைந்தபோது, நாவலாசிரியர் சர் வால்டர் ஸ்காட் ‘மலக்கி மலகுரோதர்’ என்ற புனைபெயரில் எடின்பரோ பத்திரிகை ஒன்றில் காட்டமான கடிதங்கள் எழுதினார். எதிர்ப்பு வலுக்கவே ஸ்காட்லாந்துக்கு மட்டும் விலக்கு அளித்துவிட்டார்கள். பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து நோட்டுகளில் அவர் முகம் இருப்பது இதற்காகத்தான். பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் ஒரு பவுண்ட் நோட்டு 1988இல் செல்லாததாகிவிட்டது. ராயல் பேங்க் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அச்சிட்டது. மக்கள் போராடிக் காப்பாற்றிய நோட்டு இது. சேகரிக்க இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

படி 2: வங்கியின் பெயரைப் படியுங்கள்

தேதியைத் தேடும் முன்பே, நோட்டின் தலைப்பில் உள்ள பெயர் காலத்தைச் சொல்லிவிடும். ‘கிளைட்ஸ்டேல் அண்ட் நார்த் ஆஃப் ஸ்காட்லாந்து பேங்க்’ என்றிருந்தால் அது 1950இல் நடந்த இணைப்புக்கும் 1963இல் பெயர் சுருங்கியதற்கும் இடைப்பட்டது. ‘நேஷனல் கமர்ஷியல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து’ இன்னும் குறுகிய காலம்: 1959இல் பிறந்து, 1969இல் ராயல் பேங்கோடு சேர்ந்துவிட்டது. 1955இல் யூனியன் பேங்கும், அதன்பின் 1746இல் தொடங்கிய பிரிட்டிஷ் லினன் பேங்கும் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தில் கலந்தன. இந்த இணைப்புகளை ஒரு தாளில் வம்சாவளிபோல வரைந்து வைத்துக்கொண்டால் வாங்கும்போது பெரிய உதவி.

படி 3: முதல் நோட்டு

ராயல் பேங்கின் 1987 வரிசையில் தொடங்கலாம். முன்பக்கம் வங்கியின் முதல் ஆளுநர் ஐலே பிரபு, பின்பக்கம் எடின்பரோ கோட்டை. எளிதில் கிடைக்கும். அதே வரிசையில் நினைவு நோட்டுகளும் உண்டு: 1994இல் எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சனுக்கு, 1997இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல்லுக்கு, 1999இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தின் திறப்புக்கு. அப்புறம் 1970களுக்குப் போங்கள். ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் த புரூஸ் படம் போட்ட கிளைட்ஸ்டேல் நோட்டு அப்போதையது.

படி 4: லென்ஸ் வைத்துப் பாருங்கள்

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும். ஐலே பிரபுவின் கன்னத்தைப் பாருங்கள். நிழல் என்று நினைத்தது முழுவதும் தனித்தனிக் கோடுகளாகப் பிரியும். நல்ல நிலையில் உள்ள நோட்டில் விரலை மெல்ல ஓட்டினால் மை மேடாகத் தட்டுப்படும். செதுக்கிய உலோகத் தகட்டிலிருந்து அழுத்தி அச்சிட்டதன் அடையாளம் அது. 1960களின் சில நோட்டுகளில் பின்பக்கம் தடித்த கறுப்புக் கோடுகள் தெரியும். கறை என்று ஒதுக்கிவிடாதீர்கள், இயந்திரம் நோட்டுகளைப் பிரிப்பதற்காக இட்ட காந்தக் குறிகள் அவை.

ஸ்காட்லாந்து நோட்டின் அழகுக்குப் பெரும்பாலும் கள்ள நோட்டுப் பயமே காரணம். 1777இல் ராயல் பேங்க் கினி (21 ஷில்லிங்) நோட்டில் மன்னர் தலையைச் சிவப்பிலும், மதிப்பை நீலத்திலும் அச்சிட்டது அதனால்தான். அடுத்த நூற்றாண்டில் எடின்பரோவின் டபிள்யூ. எச். லிசார்ஸ் அந்த வங்கிக்கு நோட்டுத் தகடு செதுக்கினார். அமெரிக்கப் பறவை ஓவியர் ஆடுபானின் புகழ்பெற்ற பறவைப் படங்களின் முதல் பத்துத் தகடுகளும் இவர் பட்டறையில் உருவானவைதான்! 1920களில் அளவு சுருங்கும்வரை வந்த பெரிய ஒரு பவுண்ட் நோட்டுகளைச் சேகரிப்பாளர்கள் ‘சதுர நோட்டு’ என்பார்கள். விலை அதிகம், அவசரப்பட வேண்டாம். எடின்பரோ போனால் மியூசியம் ஆன் த மவுண்டில் பழைய நோட்டுகளை நேரில் பார்க்கலாம்.

படி 5: நிலையைக் கவனியுங்கள்

புழங்காத நோட்டு யுஎன்சி. அடுத்து ஏயு (ஏறக்குறைய புழங்காதது), இஎஃப் (மிக மிக நல்ல நிலை), விஎஃப் (மிக நல்ல நிலை), எஃப் (நல்ல நிலை) என்று இறங்கும். விலையில் பெரிய வித்தியாசம் வருவது இதில்தான். விற்பவரிடம் இரு பக்கப் படங்களோடு, விளக்குக்கு எதிரே பிடித்து எடுத்த படமும் கேளுங்கள். மடிப்பு, ஊசித்துளை, ஒட்டுப்போட்ட கிழிசல் எல்லாம் அதில் தெரிந்துவிடும். மடிப்புக் கோடு இருந்தும் தாள் வழவழப்பாக, மை தட்டையாக இருந்தால் கழுவி அழுத்தியிருக்கலாம், வாங்காதீர்கள்.

படி 6: பாதுகாப்பு

பிவிசி உறை வேண்டாம், அது நாளடைவில் தாளைக் கெடுக்கும். பாலியெஸ்டர் உறை வாங்குங்கள். லேமினேஷன், செலோ டேப், இஸ்திரி எதுவும் கூடாது. அழுக்கு இருந்தால் இருக்கட்டும், துடைக்காதீர்கள். வங்கி, தேதி, வரிசை எண், கையெழுத்து, கொடுத்த விலை ஆகியவற்றை நோட்டில் அல்ல, தனி ஏட்டில் எழுதுங்கள். கையெழுத்தைக் கட்டாயம் குறியுங்கள். ஒரே வடிவமைப்பில் அதிகாரி மாறும்போது கையெழுத்தும் மாறும். அடுத்து எதைத் தேடுவது என்பதை அந்தப் பட்டியலே காட்டிக்கொடுக்கும்.