மரைன் டேங்குக்கு உப்புநீர் கலப்பது: முதலில் உப்பளவு, அப்புறம்தான் கால்சியம்

புதிதாக மரைன் டேங்க் (கடல் மீன், பவளம் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டி) வைப்பவர்கள் உப்புநீரைக் கலந்ததும் கால்சியம் டெஸ்ட் கிட்டைத்தான் கையில் எடுக்கிறார்கள். 385 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 385 பங்கு) என்று காட்டினால் போதும், கால்சியம் பவுடர் வாங்கக் கிளம்பிவிடுவார்கள். பெரும்பாலும் அங்கே குறைவது உப்பு. உப்பளவு 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு) இருக்கும்போது 420 காட்டுகிற கால்சியம், 32 பி.பி.டி.யில் 384தான் காட்டும். அதனால் வரிசை மாறக் கூடாது. கீழே 50 லிட்டருக்குக் கணக்கு தருகிறேன்.

1. தண்ணீர்
குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர் இரண்டும் வேண்டாம். வீட்டு ஆர்.ஓ. மெஷினிலும் ஒரு சிக்கல் உண்டு: சுவைக்காகக் கொஞ்சம் மூலத் தண்ணீரைத் திரும்பக் கலக்கும் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் அளவு) கன்ட்ரோலர் பலவற்றில் இருக்கும். அதை மூடிவிட்டுப் பிடியுங்கள். ஆர்.ஓ.வுக்குப் பிறகு, மிச்சமிருக்கும் அயனிகளையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசினும் வைத்தால் டி.டி.எஸ். மீட்டர் 0 காட்டும். அதுதான் நமக்கு வேண்டும்.

2. கலப்பது
வாளியில் முதலில் தண்ணீர், பிறகுதான் உப்பு. பவர்ஹெட் (தண்ணீரைச் சுழற்றும் சிறு பம்ப்) ஓடட்டும், தண்ணீர் 25 டிகிரி இருக்கட்டும். லிட்டருக்கு 35 முதல் 38 கிராம் சால்ட் மிக்ஸ் (மரைன் டேங்குக்கென்றே விற்கும் உப்புக் கலவை) பிடிக்கும். 50 லிட்டருக்கு 1.75 கிலோவில் தொடங்கலாம். (சமையல் உப்பு, கல் உப்பு எதுவும் ஆகாது.) கைப்பிடி கைப்பிடியாகத் தூவுங்கள். உப்பைக் கொட்டி அதன்மேல் தண்ணீர் ஊற்றினால், அந்தக் கெட்டிக் கரைசலில் கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து வெள்ளைப் பொடியாக அடியில் படியும். எவ்வளவு கலக்கினாலும் அது கரையாது.

3. உப்பளவு
நன்றாகத் தெளிந்த பிறகு ரிஃப்ராக்டோமீட்டரில் (ஒளி விலகுவதை வைத்து உப்பளவு காட்டும் கருவி) பாருங்கள். அதை 35 பி.பி.டி. கேலிபரேஷன் கரைசலில் சரிபார்த்துக்கொள்வது நல்லது, ஆர்.ஓ. தண்ணீரில் 0 காட்டும் கருவி 35-இல் தவறலாம். சொட்டு விட்டு, குமிழி இல்லாமல் மூடி, அரை நிமிடம் விட்டு, வெளிச்சத்தைப் பார்த்துப் பிடியுங்கள். நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு 35-இல், அதாவது ஒப்படர்த்தி 1.026-இல் நிற்க வேண்டும்.

33 காட்டினால் இன்னும் 100 கிராமுக்குச் சற்று மேல் உப்பு. 37 காட்டினால் 3 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீர்.

4. மற்றவை
இப்போது டெஸ்ட் கிட்டை எடுக்கலாம். காரத்தன்மை 8–9 டி.கே.எச். (காரத்தன்மையை அளக்கும் அலகு), கால்சியம் 400–450, மெக்னீசியம் 1250–1350 பி.பி.எம். இருந்தால் எதையும் தொடாதீர்கள். மெக்னீசியம் ரொம்பக் குறைவென்றால் அதை முதலில் சரிசெய்யுங்கள். கால்சியமும் கார்பனேட்டும் படியாமல் தடுப்பதில் அதற்குப் பெரிய பங்குண்டு.

50 லிட்டரில் 1 டி.கே.எச். ஏற்ற 1.5 கிராம் சமையல் சோடா போதும். பேக்கிங் பவுடர் வேறு, அதைப் போட்டுவிடாதீர்கள். கால்சியத்தை 20 பி.பி.எம். ஏற்ற, கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 3.7 கிராம். இரண்டையும் தனித்தனி டம்ளரில் கரைத்து, ஒன்று முழுதாகக் கலந்த பிறகு மற்றதை ஊற்றுங்கள். பி.எச். 8-க்குக் கீழே இருந்தால் மருந்து தேடாதீர்கள். மூடிய ஏ.சி. அறையில் சேரும் கார்பன் டை ஆக்சைடு அப்படிச் செய்யும். ஜன்னலைத் திறந்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

5. டேங்கில் ஊற்றுவது
வெப்பநிலையும் உப்பளவும் டேங்கோடு ஒத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆவியாகிக் குறையும் தண்ணீருக்கு ஈடாக இந்த உப்புநீரை ஊற்றாதீர்கள். உப்பு ஆவியாவதில்லை, அந்தக் குறைக்கு வெறும் ஆர்.ஓ. தண்ணீர்தான்.